சல்லடையில் நின்ற வரி

சிவமயம்

கட்டுக்கலை, கண்டி
10.08.1997

அன்புள்ள அத்தானுக்கு,

நான் இங்கே சுகம். உங்கள் சுகத்துக்காக வெள்ளிக்கிழமைகளில் கட்டுக்கலைப் பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு வருகிறேன். முதுகு வலி குறைந்ததா? கனடாவில் கதிரைகூடவா சரியில்லை? கொம்பியூட்டருக்கு முன்னால் நெடுநேரம் இருந்தால் இடைக்கிடை எழும்பி நடக்க வேண்டும்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. திருகோணமலை வீதியில், ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில், நடராஜா சேர் என்பவரின் சின்னக் கம்பனி. இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கொம்பியூட்டர்கள் எல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று நினைத்துக்கொள்ளுமாம். ஆண்டைக் கடைசி இரண்டு இலக்கத்தில் எழுதிச் சிக்கனம் பிடித்த பழைய புரோகிராம்கள் செய்த வேலை. லண்டனில் ஓர் இன்சூரன்ஸ் கம்பனியின் பழைய சீ மொழிப் புரோகிராம்கள் எங்களிடம் வந்திருக்கின்றன. அவற்றில் ஆண்டு எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும். கண்ணால் வாசித்துத் தேடினால் நாங்கள் முடிப்பதற்குள் இரண்டாயிரம் வந்து போய்விடும். ஆகவே, புரோகிராமை வாசிக்கிற புரோகிராம் ஒன்றை நானும் பாரூக்கும் எழுதுகிறோம். ஒபீஸில் அதற்குச் சல்லடை என்று பெயர்.

சீ மொழி லேசில் சல்லடைக்குள் இறங்காது, உங்களுக்குத் தெரியாததா? இரண்டு பெயர், நடுவில் ஒரு நட்சத்திரக் குறி. முதல் பெயர் ஓர் எண் என்றால் அது பெருக்கல். முதல் பெயர், எழுதியவன் தானே உண்டாக்கிய வகைப் பெயர் என்றால், அது, வேறோர் இடத்தைக் காட்டுகிற பெயரான பொயின்டரின் அறிமுகம். அந்த ஒரு வரியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் எது என்று தெரியாது. மேலே எங்கேயோ கிடக்கும் வேறொரு வரிதான் சொல்ல வேண்டும். சல்லடை இரண்டு கிழமை இதிலேயே முட்டிக்கொண்டு நின்றது. வகைப் பெயர்களை முதலிலேயே பொறுக்கி வைத்துக்கொள்ளலாம் என்று பாரூக் சொன்னார். அதற்குப் பிறகு ஓடுகிறது.

எழுதியதை மெஷினுக்கு மொழிபெயர்க்க நீங்கள் எந்தக் கொம்பைலரில் வேலை செய்கிறீர்கள்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் நினைவோடு,
பத்மா


ரொறன்ரோ
01.09.1997

அன்பின் பத்மாவுக்கு,

நலமாக இருப்பீர் என்று நம்புகிறேன். நானும் அப்படியே. முதுகு தன்பாட்டில் இருக்கிறது, அதை விடும். கம்பனியில் வேலை கூட.

உமக்கு வேலை கிடைத்தது பெரிய சந்தோஷம். கடிதத்தில் பாரூக் என்று ஒரு பெயர் வருகிறது. அவர் யார், என்ன வயது, கலியாணம் ஆனவரா என்பது மட்டும் வரவில்லை. சல்லடைக்கு ஒரு பக்கம் இடம் இருந்திருக்கிறது, இதற்கு ஒரு வரி இருக்கவில்லை. ‘நாங்கள்’ என்று எழுதுகிறீர். முன்பு நீர் அப்படி எழுதினால் அதற்குள் நானும் இருப்பேன்.

வகைப் பெயர்களை முதலில் பொறுக்கி வைப்பது ஒன்றும் பெரிய கெட்டித்தனம் இல்லை. எவனுக்கும் தோன்றும். உங்கள் சல்லடைக்கு நான் ஒரு கல் அனுப்புகிறேன். ஓர் எண்ணை, பொயின்டர் காட்டுகிற எண்ணால் வகுக்க வேண்டும். வகுத்தல் கோடு, அதை ஒட்டினாற்போல் நட்சத்திரம், இடைவெளி இல்லை. சல்லடை என்ன சொல்கிறது என்று பார்த்து எழுதும். பாரூக்கிடம் முதலில் கேட்டுவிட்டுப் பிறகு ஓட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளும்.

அன்புடன்,
பரமநாதன்


சிவமயம்

கட்டுக்கலை, கண்டி
28.09.1997

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. இங்கே ஒரே மழை. வீட்டுக்கார அன்னலட்சுமி அக்காவுக்குக் காய்ச்சல், எனக்கு இருமல் மட்டும்.

பாரூக்குக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஊர் அக்குறணை. மனைவி பெயர் நயீமா, இரண்டு பெண் பிள்ளைகள். போதுமா?

உங்கள் கல்லைப் போட்டுப் பார்த்தோம். வகுத்தல் கோடும் நட்சத்திரமும் ஒட்டினால் அது மெஷின் வாசிக்காமல் விடுகிற குறிப்புரையின் தொடக்கம், கொம்பைலரும் அப்படித்தான் எடுக்கும், சல்லடையும் அப்படித்தான் எடுக்க வேண்டும் என்று பாரூக் உடனே சொல்லிவிட்டார். சல்லடையும் ‘இங்கே ஒரு குறிப்புரை தொடங்குகிறது, முடியவே இல்லை’ என்று முறைப்பாடு வைத்தது. “ஒங்கட மஹத்தயா பொல்லாத ஆள்தான் மிஸ்” என்று உங்களைச் சொல்லிச் சிரித்தார்.

இப்போது வேறு தொல்லை. லண்டன்காரர்கள் ஒரே புரோகிராமை இரண்டு வகை மெஷினுக்கு எழுதியிருக்கிறார்கள். இந்த மெஷின் என்றால் இந்த வரி, அந்த மெஷின் என்றால் அந்த வரி. இரண்டு வரியிலும் நெளிந்த அடைப்பைத் திறந்துவிட்டு, கீழே ஒரே ஒரு தடவை மூடியிருக்கிறார்கள். சல்லடை இரண்டையும் திறந்ததாக எண்ணி, மூடாத அடைப்பைத் தேடிக்கொண்டே முழுக் கோப்பையும் விழுங்கிவிடுகிறது. இதற்காகச் சில நாட்கள் ஐந்து மணிக்குப் பிறகும் நிற்கிறோம். பயப்பட வேண்டாம், பாரூக் சோதனைச் சாவடி தாண்டும்வரை கூட வந்துவிட்டுத்தான் அக்குறணை பஸ்ஸுக்குப் போவார். என் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம் இருப்பதால் தனியாகப் போனால் நிறுத்தி வைத்துவிடுகிறார்கள்.

கொம்பைலர் பற்றி நீங்கள் எழுதவில்லை.

உங்கள்,
பத்மா


ரொறன்ரோ
20.10.1997

அன்பின் பத்மாவுக்கு,

இருமல் மாறியதா? கொத்தமல்லி அவித்துக் குடியும். எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஐந்து மணிக்குப் பிறகு அப்படி என்ன அடைப்பு, பகலில் மூடாத அடைப்பு? ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மறு பக்கத்தை விட்டுவிடச் சொல்லும், தீர்ந்தது. நான் அங்கே இருந்திருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே முடித்துக் கொடுத்திருப்பேன். நான் அங்கே இல்லை. அதுதானே எல்லாருக்கும் வசதி.

அந்த மனிசன் தினமும் பஸ்ஸைத் தவறவிட்டு உம்மோடு நடந்து வருவதற்கு அவருடைய நயீமா ஒன்றும் சொல்வதில்லையா? எனக்குத் தெரிந்து எந்தப் பெண்சாதியும் சும்மா இருக்கமாட்டாள். சும்மா இருந்தால் அவளுக்குத் தெரியாது என்று அர்த்தம்.

இந்தத் தடவை கல்லுக்குப் பதிலாகப் பாறை அனுப்புகிறேன். ஒரு பெயர். அதைச் சுற்றி அடைப்பு, அடைப்புக்குள் அடைப்பு, எல்லாவற்றிலும் நட்சத்திரம். ஒரு செயல்கூற்றைத் திருப்பித் தருகிற செயல்கூறுகளின் அட்டவணை. இடமிருந்து வலமாக வாசிக்கிறவன் பைத்தியமாவான். அதை எப்படி வாசிப்பது என்று உமக்கு நான் பேராதனைக் கம்பஸில் சொல்லித் தந்தது ஞாபகம் இருக்கிறதா? அக்பர் பாலத்துப் படிக்கட்டில் இருந்து, உமது உள்ளங்கையில் பேனாவால் ஒரு சுருள் வரைந்தேன். பெயரில் தொடங்கு, வலப்பக்கம் போ, இடப்பக்கம் வா, வெளியே வா. அன்றைக்குக் கையைக் கழுவமாட்டேன் என்றீர்.

அதைப் பாரூக்குக்கும் சொல்லிக் கொடுத்தீரா? கொடுத்தால், அவருக்கும் உள்ளங்கையில்தானா?

பரமநாதன்


சிவமயம்

கட்டுக்கலை, கண்டி
12.11.1997

அன்புள்ள அத்தானுக்கு,

இருமல் போய்விட்டது. உங்களுக்கு அங்கே குளிர் தொடங்கியிருக்கும். அன்னலட்சுமி அக்கா உங்களுக்கு ஒரு கம்பளித் தொப்பி பின்னி வைத்திருக்கிறா, யாராவது வந்தால் கொடுத்துவிடுவோம்.

பாரூக்குக்குச் சுருளைச் சொல்லிக் கொடுத்தேன். கொடுக்காமல் அவர் எப்படி அதைச் சல்லடைக்குள் வைப்பார்? ஒபீஸ் வெள்ளைப் பலகையில் வரைந்து காட்டினேன், நடராஜா சேரும் பக்கத்தில் நின்று பார்த்தார். “இது யார் சொல்லித் தந்தது?” என்று பாரூக் கேட்டார். என் கணவர் என்று பெருமையாகத்தான் சொன்னேன். உங்கள் பாறையைச் சல்லடை தூக்கிவிட்டது.

நீங்கள் எழுதிய மற்ற வரிகளுக்குக் கோபத்தில் பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். நயீமா தரும் பராட்டாப் பார்சலில் ஒவ்வொரு நாளும் எனக்கும் ஒரு பங்கு வருகிறது. இதைவிட அவளைப் பற்றி என்ன எழுத?

மூன்றாம் தடவையாகக் கேட்கிறேன். நீங்கள் எந்தக் கொம்பைலரில் வேலை செய்கிறீர்கள்?

பத்மா


சிவமயம்

கட்டுக்கலை, கண்டி
20.12.1997

அன்புள்ள அத்தானுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாக உங்கள் கடிதம் இல்லை. சுகமா என்று ஒரு வரி போடுங்கள். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

பத்மா


ரொறன்ரோ
02.01.1998

அன்பின் பத்மாவுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். நீர், அன்னலட்சுமி அக்கா, உமது ஒபீஸ் நண்பர்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்.

உம்மை இங்கே கூப்பிடுகிற ஸ்பொன்சர் பேப்பர் இத்துடன் வருகிறது. நீர் கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்பினால் விசா விண்ணப்பத்தை இங்கத்தைய அதிகாரிகள் கொழும்புக்கு மாற்றுவார்கள். அவசரம் ஒன்றும் இல்லை. சல்லடையை விட்டுவிட்டு வர உமக்கு மனம் வரும்போது கையெழுத்து வையும்.

கூடவே ஒரு புரோகிராம் இருக்கிறது. இதுவரை அனுப்பியது எல்லாம் விளையாட்டு. எனக்குத் தெரிந்த கெட்ட குணம் எல்லாவற்றையும் இதில் சேர்த்திருக்கிறேன். உங்கள் சல்லடை இதை வாசித்தால் உலகத்தில் எதையும் வாசிக்கும். வாசித்த பிறகு ஓட்டிப் பாரும், அது ஒரு வரி சொல்லும். ஐந்து மணிக்குப் பிறகு ஓட்டும். பாரூக்கையும் பக்கத்தில் இருக்கச் சொல்லும்.

சுகத்துடன்,
பரமநாதன்


ரொறன்ரோ
08.02.1998

அன்பின் பத்மா,

தலதா மாளிகை விகாரையில் குண்டு வெடித்தது என்று ரேடியோவில் கேட்டதிலிருந்து நான் நானாக இல்லை. அன்னலட்சுமி அக்கா வீட்டு நம்பருக்கு அடித்து அடித்துப் பார்க்கிறேன், மணி போகிறது, எடுக்கிறார்கள் இல்லை. கண்டியில் தமிழ் ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்று இங்கே ஆளுக்கொரு கதை. உமது அட்டையில் யாழ்ப்பாண விலாசம். நான்தான் மாற்றச் சொல்லாமல் விட்டேன்.

ஒபீஸுக்கு எடுத்தேன். பாரூக் எடுத்தார் என்று நினைக்கிறேன். ‘மிஸ் நல்லா இருக்காங்க, கடிதம் எழுதுவாங்க’ என்று சொல்லி வைத்துவிட்டார். உமது சுகத்தை நான் அவருடைய வாயால் கேட்க வேண்டி வந்திருக்கிறது. இந்த நேரத்திலும் இதை எழுதுகிறேனே என்று வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு வரி போடும்.

பரமு


சிவமயம்

கட்டுக்கலை, கண்டி
15.02.1998

அத்தானுக்கு,

உயிரோடு இருக்கிறேன். சுகமாகவும் இருக்கிறேன் என்று சொல்லலாம். நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன், நடுவில் எறிந்துவிடாமல் வாசியுங்கள்.

உங்கள் ஜனவரிக் கடிதம் வெள்ளிக்கிழமை பின்னேரம் கிடைத்தது. திங்கட்கிழமை ஒபீஸில் ஓட்டலாம் என்று கைப்பையில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிய அந்தச் சத்தம். கட்டுக்கலையில் எங்கள் யன்னல்கள் எல்லாம் அதிர்ந்தன. ஊரடங்கு, தீ வைப்பு, பயம் என்று இரண்டு நாள் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தோம். செவ்வாய்க்கிழமை காலை பொலிஸார் வீடு வீடாக வந்தார்கள். அட்டையைப் பார்த்தார்கள். கைப்பையைத் திறந்தார்கள்.

உள்ளே உங்கள் புரோகிராம். வெளிநாட்டுக் கடித உறை, பென்சிலால் எழுதிய தாள். நெளிந்த அடைப்புகள், நட்சத்திரங்கள், பாதியில் உடைத்து அடுத்த வரியில் தொடரும் பெயர்கள், கீழே நிரை நிரையாக எண்கள். குண்டு வெடித்து இரண்டாம் நாள், யாழ்ப்பாணத்துப் பெண்ணின் பையில் இப்படி ஒரு தாள் இருந்தால் அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? நானே அவர்களுடைய இடத்தில் இருந்தால் அதைத்தான் நினைத்திருப்பேன்.

“மொகக்த மே பாஷாவ?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர், இது என்ன பாஷை என்று. சீ என்றேன். அது எந்த நாட்டுப் பாஷை என்றார். ஜீப்பில் ஏற்றிப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள்.

அன்னலட்சுமி அக்கா ஒபீஸுக்கு ஓடியிருக்கிறா. நடராஜா சேர் கம்பனி முத்திரையோடு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு, “நான் வந்தா ரெண்டு பேரா உள்ளுக்கு இருக்க வேண்டி வரும்” என்று கையை விரித்திருக்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை, அவரும் தமிழர்தானே. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பாரூக் வந்தார். அவரை உள்ளே விடவில்லை. எதிர்ப் பக்க நடைபாதையில் வெயிலில் நின்றார். நான் இருந்த மர வாங்கிலிருந்து யன்னலால் அவருடைய குடை தெரிந்தது. அந்தக் கறுப்புக் குடை அங்கே நிற்கும்வரை எனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். இதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் அவரைக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் தாளை நீட்டி வாசித்துக் காட்டச் சொன்னார். பாரூக் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிசன். “சேர், இத மனிசருக்கு வாசிக்க ஏலாது. மெஷின்தான் வாசிக்கும்” என்று சிங்களத்தில் சொன்னார். இன்ஸ்பெக்டருக்கு முகம் இன்னும் கறுத்தது. அப்படியென்றால் மெஷினைக் காட்டு என்றார்.

ஜீப்பில் திருகோணமலை வீதிக்குப் போனோம். புடைவைக் கடைக்காரர் எங்களைக் கண்டதும் கதவைச் சாத்தினார். பாரூக் இருந்து உங்கள் தாளை எழுத்தெழுத்தாக அடித்தார். இன்ஸ்பெக்டர் பின்னால், இரண்டு கொன்ஸ்டபிள்கள் வாசலில். முதலில் சல்லடையில் போட்டார். நட்சத்திரம், உடைந்த பெயர், அடைப்புக்குள் அடைப்பு, பழைய காலத்து முறையில் அறிமுகம், ஒன்றிலும் சல்லடை தடுக்கவில்லை. ஒவ்வொரு பெயரும் எது, எங்கே பிறந்தது, எங்கே பயன்பட்டது என்று வரிசையாகச் சொன்னது. பிறகு கொம்பைலர். ஒரு பிழை இல்லை. ஓட்டினார்.

திரையில் இங்கிலீஷ் எழுத்தில் நம்முடைய தமிழ் வந்து நின்றது.

‘பாரூக் இன்னும் வீட்டுக்குப் போகவில்லையா?’

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முதல் சொல்லை வாசித்துவிட்டார். பாரூக்கின் அட்டை அவர் கையில்தான் இருந்தது. “இது உன் பெயர்” என்றார். “கனடாவிலிருந்து இரகசிய எழுத்தில் உன் பெயர் வருகிறது. நீயும் இதில் இருக்கிறாயா?” கொன்ஸ்டபிள்களைப் பார்த்து இவனையும் ஏற்றுங்கள் என்று கையைக் காட்டினார். பாரூக்கின் விரல்கள் இன்னும் விசைப்பலகையிலேயே இருந்தன. இரண்டு பெண் பிள்ளைகள் உள்ள மனிசன், அத்தான். எனக்காக வந்த மனிசன்.

எனக்குத் தெரிந்த அரைச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன். இது என் கணவர் எழுதியது. இவரும் நானும் ஒன்றாக வேலை செய்கிறோம். அதனால் அவருக்கு... அவருக்கு... அந்தச் சொல் எனக்குச் சிங்களத்தில் தெரியவில்லை. நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன், எரிகிறது என்று கையால் காட்டினேன். இன்ஸ்பெக்டருக்கு விளங்கவில்லை.

பாரூக்தான் திரையைப் பார்த்தபடியே சொல்லை எடுத்துக் கொடுத்தார். “இரிசியாவ” என்றார். பொறாமை என்று அர்த்தம். பிறகு அந்த வரி முழுவதையும் ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் மொழிபெயர்த்தும் சொன்னார். தன்னைப் பற்றிய வரியை, தன் வாயால்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், பாரூக்கைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். கணவர் போய் எவ்வளவு காலம் என்று கேட்டார். மூன்று வருஷம் ஆகப் போகிறது என்றேன். “அப்படியென்றால் வரும்” என்றார். பெரிதாகச் சிரித்தார். கொன்ஸ்டபிள்களும் சிரித்தார்கள். தன்னுடைய மனைவி மாத்தறையில் இருக்கிறாள், தனக்குக் கொம்பியூட்டர் தெரியாதது அவளுடைய அதிர்ஷ்டம் என்றார். தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பாரூக்கின் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

உங்கள் பொறாமைதான் என்னைப் பிடித்துக் கொடுத்தது, அதுவேதான் விட்டும் விட்டது. யாருக்கு நன்றி சொல்ல?

அவர்கள் போன பிறகு பாரூக் மெஷினை நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. “மிஸ், நான் இனி ஐஞ்சு மணிக்கே போறேன். மஹத்தயாவுக்கு எழுதுங்க, மனச அலட்டிக்க வாணாம்னு” என்றார். குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அன்றைக்கிலிருந்து பராட்டாப் பார்சலில் எனக்குப் பங்கு இல்லை. ஐந்து அடித்தால் அவருடைய கதிரை காலி. சோதனைச் சாவடியைத் தனியாகத்தான் தாண்டுகிறேன்.

இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன். உங்கள் தாளில் ஒவ்வொரு எண்ணும் அழித்து அழித்து எழுதப்பட்டிருந்தது. மெஷின் இருப்பவன் ஓட்டிப் பார்த்துத் திருத்துவான், விரலை மடித்துக் கணக்குப் பார்த்துப் பென்சிலால் எழுதமாட்டான். உங்களிடம் மெஷின் இல்லை. உங்களுக்கு முதுகு வலிப்பது கதிரையால் இல்லை. ஆறு மாதமாக நான் எந்தக் கொம்பைலர் என்று கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். மெஷினே இல்லாமல் எழுதி, முதல் தடவையே ஓடிய புரோகிராம் அது. பாரூக்கும் நானும் அவமானத்தில் நின்ற அந்த நிமிஷத்திலும் எனக்கு உங்களை நினைத்துப் பெருமையாக இருந்தது. அதற்காக என்மேலேயே எனக்கு ஆத்திரம்.

ஸ்பொன்சர் பேப்பர் அலுமாரிக்குள் இருக்கிறது. கையெழுத்து வைக்கவில்லை.

பத்மா


ரொறன்ரோ
10.03.1998

அன்பின் பத்மா,

உமது சுகத்தை விசாரிக்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் விசாரிக்கிறேன்.

நான் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறேன். வந்த நாளிலிருந்து அங்கேதான். மா மூட்டை தூக்குகிறேன், பாண் அடுக்குகிறேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு ஒரு கொம்பியூட்டரை நான் தொட்டதில்லை. நான் சொல்லித் தந்த சீ மொழியில் நீர் சம்பளம் வாங்குகிறீர், நான் தட்டுக் கழுவுகிறேன் என்று எழுத எனக்கு வாய் வரவில்லை. இடைவேளையில் மா படிந்த மேசையில் இருந்து உங்கள் சல்லடைக்குக் கல் தேடினேன். அந்த அரை மணித்தியாலம் மட்டும்தான் நான் பழைய பரமநாதனாக இருந்தேன்.

பாரூக் உமக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்றுதான் எரிந்தது என்று நினைத்திருந்தேன். உண்மையில் அவர் மெஷினுக்கு முன்னால் இருக்கிறார் என்பதும் அதே அளவு எரிந்திருக்கிறது. அந்தக் கதிரை இரண்டு பக்கத்தாலும் என்னுடையது என்று நினைத்தேன்.

இன்னொன்றையும் மறைக்கமாட்டேன். உமது கடிதத்தை வாசித்துக்கொண்டு வந்தபோது, நீர் ஜீப்பில் ஏறிய இடத்தில் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டேன். ஆனால் ‘ஒரு பிழை இல்லை, ஓட்டினார்’ என்ற இடம் வந்ததும் எழும்பி நின்றுவிட்டேன். எனக்குச் சந்தோஷம். நீர் பொலிஸ்காரனுக்கு நடுவில் நிற்கிறீர், எனக்கு என் புரோகிராம் ஓடிவிட்டது என்று சந்தோஷம். அப்படிப்பட்ட மனிசனைத்தான் நீர் கட்டியிருக்கிறீர். குடையைப் பற்றி எழுதிய இடத்தை மட்டும் இன்னும் முழுதாக வாசிக்கவில்லை. அந்த இடம் வந்தால் கண் தாண்டிப் போய்விடுகிறது.

பாரூக்குக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். நீரும் வாசிக்கலாம்.

இனிப் புரோகிராம் அனுப்பமாட்டேன். கேட்க வேண்டியதைத் தமிழில் நேரே கேட்கிறேன். அவர்மேல் உமக்கு விருப்பம் இருக்கிறதா? இல்லை என்றால் பேப்பரில் கையெழுத்து வைத்து அனுப்பும். இருக்கிறது என்றால் வெறும் பேப்பரைத் திருப்பி அனுப்பும். நான் வேறு ஒன்றும் கேட்கமாட்டேன்.

பரமு


சிவமயம்

கட்டுக்கலை, கண்டி
02.04.1998

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். முதுகுக்கு அன்னலட்சுமி அக்கா எண்ணெய் காய்ச்சித் தருகிறா, மூட்டை தூக்குகிறவருக்கு இதுதான் சரி என்றா. பேக்கரி என்று நீங்கள் முதலிலேயே எழுதியிருந்தால் போன வருஷமே அனுப்பியிருப்போம்.

உங்கள் கடிதத்தைப் பாரூக்கிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அடுத்த நாள் பார்சலில் எனக்கும் பராட்டா இருந்தது. ஆனால் ஐந்து மணிக்குப் போய்விடுகிறார், அது மாறாது. லண்டன் வேலை யூன் மாதம் முடிகிறது. சல்லடை இப்போது ஐந்து மணிக்குள்ளேயே எல்லாவற்றையும் வாசித்துவிடுகிறது, உங்கள் கல்லுகள் அரைவாசி காரணம். இதைச் சொல்லச் சொன்னதும் அவர்தான்.

நீங்கள் நேரே கேட்டதற்கு நானும் நேரே எழுதுகிறேன். நீங்கள் கேட்கும் விருப்பம் இல்லை. ஆனால் நீங்கள் தாண்டிப் போகிற அந்த இடத்தைத் தாண்டாமல் ஒரு தடவை வாசியுங்கள். வாங்கில் இருந்து அந்தக் குடையைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது நான் நினைத்தது பாரூக்கைப் பற்றி இல்லை. நயீமாவைப் பற்றி. இந்த மனிசன் இன்றைக்கு என்ன பாடு பட்டாலும் பொழுதுபடும்போது அக்குறணை பஸ்ஸில் ஏறிப் போய் அவளுடைய வாசலில் செருப்பைக் கழற்றுவான் என்று நினைத்தேன். அவள் ஒரு நாளும் கடிதம் வாசித்து அவன் சுகமா என்று அறிய வேண்டியதில்லை. அவளுடைய பராட்டாவைத் தின்றுகொண்டு இவ்வளவு நாளும் அவள்மேல் எனக்கு எரிந்த எரிச்சலை நான் உங்களுக்கு எழுதியதே இல்லை.

பேப்பர் இத்துடன் வருகிறது. கையெழுத்து வைத்திருக்கிறேன். பேக்கரி எத்தனை மணிக்கு விடும் என்று எழுதுங்கள்.

உங்கள்,
பத்மா